கரிந்த பாறையில் நீலக் கனி

நாவற்பழம் தின்று நாக்கை ஊதா நிறமாக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்து, "நான் தின்னவில்லை, சேர்" என்று சாதித்து, நாக்கை நீட்டச் சொன்னதும் தலை கவிழ்ந்து நிற்காத மாணவன் நம் நாட்டில் அரியன். இவ்வகை வழக்குகளை விசாரித்துத் தீர்ப்புக் கூறும் பதவியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அமர்ந்திருக்கும் நாம், 2024 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே, எமது நாற்பத்தாறாவது வயதில், கனடா தேசத்துப் பாறை ஒன்றின்மேல் அதே குற்றத்துக்காக அகப்பட்டுக்கொண்டோம். விசாரித்தவர் எமது தாயார்.

"வாளியின்ரை அடி மறையுமட்டும் ஒண்டும் வாயிலை போடக்கூடாது எண்டு சொன்னனான் எல்லே? எங்கை, நாக்கைக் காட்டு பாப்பம்!"

தங்கையின் மக்கள் இருவரும் சாட்சிகளாக நின்று கைகொட்டிச் சிரித்தனர். நாக்கைக் காட்டினோம். வேறு வழியில்லை.

நாம் தின்றது நாவற்பழமன்று. புளூபெரி என்னும் கனி. பெட்டிகளில் அடைத்து விற்கப்படும் பருத்த புளூபெரியைக் கொழும்பின் பெரிய அங்காடிகளில் கண்ட வாசகர் சிலர் இருக்கக்கூடும். இது அதுவன்று. எவரும் விதைக்காமல், எவரும் நீர் வார்க்காமல், வட அமெரிக்காவின் பாறை நிலங்களிலும் மணற்றரைகளிலும் கோடை தோறும் தானே பழுக்கும் காட்டுப் புளூபெரி. பெரியது கடலையளவு, சிறியது மிளகைவிடச் சற்றே பெரிது. ஆயினும் அந்த மிளகளவுக்குள் புளிப்பும் இனிப்பும் அடங்கியிருக்கும் திறத்தை, தின்று பார்த்தவரே அறிவர்.

எமது தங்கை குடும்பத்தோடு ரொறன்ரோ நகரின் கிழக்கே ஸ்காபரோவில் வாழ்கின்றார். தாயாரும் அங்கேதான். பதினோர் ஆண்டுகளின் பின்னரே அவரைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எழுபத்தேழு வயது. குளிர்காலம் முழுவதும் சன்னலோரத்திலே கழித்து, பனி உருகியதும் வீட்டின் பின்புறத்தில் நாலு கத்தரியும் இரண்டு பாவற்கொடியும் வைத்து நாளைப் போக்குகின்றவர். "நயாகரா பார்க்கப் போவோமா?" என்று மைத்துனர் எம்மிடம் கேட்டார். நாம் வாய் திறக்குமுன் தாயார் விடை கூறிவிட்டார்: "தண்ணி விழுறதைப் பாத்து என்ன செய்யிறது? பழம் ஆயப் போவம்." ஆண்டுதோறும் அவர் எதிர்பார்த்திருக்கும் ஒரு நாள் அது என்பதைத் தங்கை பின்னர் எமக்குச் சொன்னார்.

ஆகவே ஒரு சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கு, இடியப்பமும் சம்பலும் பொதி கட்டிக்கொண்டு, வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். முதல் ஒரு மணி நேரம் வயலும் வீடுமாக இருந்த நாடு, பின்னர் மெல்ல நிறம் மாறியது. பாதையின் இருபுறமும் இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த பாறைகள் தலைகாட்டின. கனடியக் கேடயம் என்று புவியியல் நூல்கள் கூறும் மிகப் பழைய பாறை நிலம் இதுவே. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயதுடைய அப்பாறைகளின் மேற்பரப்பைப் பனிக்கட்டி யுகத்தின் பனிப்பாளங்கள் தேய்த்து, சுரண்டி, மண்ணை வழித்தெடுத்துக்கொண்டு போய்விட்டன. எஞ்சியது வழவழப்பான பாறை முதுகு. அதன் வெடிப்புகளிலே ஒரு சாண் மண். அம்மண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும் பைன் மரம். கல்லூரியில் நாம் கற்பிக்கும் பாடம் புவியியல். ஆதலால் வழி நெடுக மருமக்களுக்கு இவற்றையெல்லாம் விளக்கிக்கொண்டே சென்றோம். அவர்கள் உறங்கிவிட்டதைச் சற்றுத் தாமதமாகவே கவனித்தோம்.

பிரெஞ்சு ஆறு என்னும் பேராற்றை அடைவதற்குச் சற்று முன்பாக, பெருந்தெருவை விட்டு ஒரு கிரவற் பாதையில் மைத்துனர் திரும்பினார். ஒன்ராறியோ மாகாணத்தின் நிலத்தில் நூற்றுக்கு 87 பங்கு அரச காணி. அங்கே வீட்டுத் தேவைக்குக் காட்டுக்கனி பறிப்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. ஆனால் அவ்வட்டாரத்திலே ஆதிக்குடிகளின் நிலங்களும் தனியார் காணிகளும் இடையிடையே உள்ளன. அங்கே உரியவர் இசைவின்றிக் கால் வைத்தல் முறையன்று. எல்லை எங்கே என்று வரைபடத்தில் இருமுறை பார்த்த பின்னரே மைத்துனர் வண்டியை நிறுத்தினார்.

இறங்கியதும் எமக்கு ஏமாற்றமே உண்டாயிற்று. பச்சைக் காடு ஒன்றை எதிர்பார்த்துச் சென்ற எமது கண்முன் கரிந்த மரங்கள் நின்றன. கிளையில்லை, பட்டையில்லை, கறுத்த கம்பங்கள் போன்ற அடிமரங்கள். 2018 ஆம் ஆண்டு யூலை 18 ஆம் திகதி அப்பகுதியில் மூண்ட பெருந்தீ, அடங்குவதற்குள் 11,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை எரித்தது. மக்கள் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அத்தீயின் ஓரத்திலேதான் நாம் நின்றோம்.

"இதுக்குள்ளை என்ன பழம்?" என்றோம்.

"கீழை பாருங்கோ, அண்ணை" என்றார் தங்கை.

கீழே பார்த்தோம். முழங்காலுக்கும் எட்டாத சிறு செடிகள், பாறையின் ஒவ்வொரு மடிப்பிலும் வெடிப்பிலும் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருந்தன. அவற்றின் இலைகளுக்கிடையே நீலம். வானத்தின் நீலமுமன்று, கடலின் நீலமுமன்று. மெல்லிய வெண்சாம்பல் பூசிய நீலம். விரலால் ஒன்றைத் தொட்டால் சாம்பல் அழிந்து, உள்ளிருக்கும் கருநீலம் பளபளக்கின்றது. அச்சாம்பல் தூசியன்று, கனி தன் ஈரத்தைக் காத்துக்கொள்வதற்குத் தானே பூசிக்கொள்ளும் மெழுகு.

பறிப்பதிலும் ஒரு முறை உண்டு. குலையை மேல்நோக்கிய உள்ளங்கையில் ஏந்தி, பெருவிரலால் மெல்ல உருட்டினால், பழுத்தவை மட்டும் தாமே கழன்று கையில் விழும். செங்காயும் பச்சைக்காயும் காம்பிலே நிற்கும். இழுத்துப் பிடுங்கினால் எல்லாம் வரும், இலையும் வரும். இவ்வித்தையைத் தாயார் எமக்குக் காட்டித் தந்தார். வலியுள்ள முழங்காலோடு குந்தியிருக்க இயலாமையால் பாறையின்மேல் ஒரு தலையணையைப் போட்டு அமர்ந்து, இடுப்பிலே கட்டிய வாளிக்குள் இரு கைகளாலும் அவர் உதிர்த்த வேகம் எமக்கு வரவில்லை. சற்றுத் தூரத்தில் ஒரு முதியவர், சீப்பையும் முறத்தையும் ஒன்றாக்கியதுபோன்ற பற்கள் உள்ள கருவி ஒன்றினால் செடிகளை வாரிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், காட்டுப் புளூபெரி பரந்து விளையும் வெளிகளில், கூலிக்கு வாருவோர் நெடுங்காலமாகக் கையாண்ட கருவி அது. எங்கள் வாளி ஒன்று நிறையுமுன் அவருடைய பெட்டி இரண்டு நிறைந்துவிட்டன. தாயாருக்கு அது பிடிக்கவில்லை. "காயையும் சேத்து வாருறார். பிறகு வாறவைக்கு என்ன மிஞ்சும்?" என்றார். அம்முதியவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாயிற்று.

எரிந்த நிலத்திலே இக்கனி ஏன் இவ்வாறு செழிக்கின்றது? தாவரவியல் பயிலும் மாணவர் இதைச் சற்றுக் கவனிப்பது தகும். நாம் கண்ணால் காணும் புளூபெரிச் செடி, உண்மையான செடியின் சிறு பகுதியே. பெரும்பகுதி மண்ணுக்கடியிலே, இஞ்சிக் கிழங்குபோலக் கிடையாக ஓடும் நிலக்கீழ்த் தண்டாகப் பரந்து கிடக்கின்றது. தனித்தனிச் செடிகளாக நாம் எண்ணும் நூறு செடிகள், கீழே ஒரே செடியின் தளிர்களாக இருக்கலாம். தீ மேலே உள்ளதை எரிக்கின்றது. நிழல் செய்த மரங்கள் மடிகின்றன. கீழுள்ள தண்டோ மண்ணின் காப்பிலே உயிரோடிருந்து புதுத் தளிர் விடுகின்றது. முதலாம் ஆண்டு தளிரும் இலையும் மட்டுமே. இரண்டாம் ஆண்டிலே காய்த்துக் குலுங்கும். மேய்ன் மாநிலத்து விவசாயிகள் இந்தக் கணக்கை நன்கறிந்து, ஒன்றுவிட்டு ஒரு வருடம் தம் நிலத்தைத் தாமே எரிக்கவோ ஒட்ட வெட்டவோ செய்கின்றனர்.

ஆனால் இச்செழிப்பு நிலையானதன்று. எரிந்த காட்டில் பைன் கன்றுகள் மீண்டும் முளைக்கின்றன. அவை வளர்ந்து நிழல் விழ விழக் கனி குறைந்துகொண்டே போகும். செடி சாவதில்லை, காய்க்காமல் காத்திருக்கும். நாம் நின்ற மேட்டிலும் இடுப்பளவுக் கன்றுகள் அங்கங்கே எழுந்துவிட்டன. அவற்றைச் சுட்டிக்காட்டி, "இன்னும் கொஞ்சக் கோடைதான்" என்றார் மைத்துனர்.

தாவர நூலார் வாக்சினியம் என்னும் சாதியில் இதனைச் சேர்ப்பர். புளிப்பு மிகுந்த மண்ணே இதற்கு வேண்டும். நம்மவர் தோட்டத்தில் இடும் சுண்ணாம்பும் சாம்பலும் இதற்கு ஆகா. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண்ணில் நட்டால் நாலு நாளில் மஞ்சளித்துவிடும் என்று, விதை கேட்டு எமக்கு எழுதிய நண்பருக்கு இங்கேயே விடை கூறிவிடுகின்றோம். எனினும் இச்சாதி ஈழநாட்டுக்கு முற்றிலும் அந்நியமன்று. மலைநாட்டின் உயர்ந்த காடுகளில் இதன் இனமான சிறுமரங்கள் உள்ளன. ஹோட்டன் சமவெளியிலே செந்நிறமாகப் பூக்கும் ரோடொடென்ரன் மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

இக்கனியின் தலைப்பக்கத்தை உற்று நோக்கினால், பூவின் புல்லிவட்டம் ஐந்து முனையுள்ள சிறு முடியாக எஞ்சியிருப்பது தெரியும். பார்த்தால் நட்சத்திரம் போலவே இருக்கும். அந்நாட்டின் ஆதிக்குடிகளுள் ஒருவரான அனிஷினாபே மக்கள் தம் மொழியில் இக்கனியை அழைக்கும் பெயரைக் கேட்டு நாம் திகைத்தோம். அவர்கள் இதனை 'மீன்' என்கின்றனர்! கடலில் நீந்துவதை மட்டுமன்றி வானத்து நட்சத்திரத்தையும் மீன் என்று வழங்கியவர் நம் முன்னோர். ஒலியொற்றுமை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொழியுறவு நாட்டப் புறப்படுவோர் கூட்டத்தில் நாம் சேரோம், தற்செயலே இது. ஆயினும் தலையில் நட்சத்திரம் சூடிய கனிக்கு மீன் என்று பெயர் கேட்டபோது, தமிழ் காதுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகாமற் போகுமா? கோடை மாதம் ஒன்றுக்கே அவர்கள் இக்கனியின் பெயரைச் சூட்டியுள்ளனர்.

அம்மாதத்திலே பெண்களும் பிள்ளைகளும் முதியோரும் குடும்பம் குடும்பமாகப் பாறை மேடுகளுக்குச் சென்று தங்கிப் பறிப்பர். வெயிலில் உலர்த்திக் குளிர்காலத்துக்குச் சேமிப்பர். 1615 ஆம் ஆண்டில் சாம்பிளெயின் என்னும் பிரெஞ்சுப் பயணி இந்தப் பக்கத்து ஆறுகளின் வழியே தோணியில் சென்றபோது, அங்குள்ளோர் இக்கனியைக் குளிர்காலத்துக்காக உலர்த்துவதைக் கண்டு எழுதி வைத்தார். அவர் எழுதாத செய்தி ஒன்றுண்டு. காய்ப்புக் குறைந்த மேடுகளை, ஈரமான வசந்த காலத்திலே, காற்றுப் பார்த்து, அளவாக எரிக்கும் கலையை அனிஷினாபே மக்கள் அறிந்திருந்தனர். தீயை அடக்குவதொன்றே காட்டைக் காப்பதாகும் என்று எண்ணிய அரசாங்கச் சட்டங்கள் பிற்காலத்தில் அவ்வழக்கத்தைத் தடுத்தன. பழம் குறைந்தது, உதிர்ந்த சருகும் விறகும் காட்டில் குவிந்தன, தீ வந்தபோது பெருந்தீயாக வந்தது. இப்போது கனடாவின் சில இடங்களில் ஆதிக்குடிகளின் அளவான எரிப்பு முறையை மீண்டும் கைக்கொள்ளுகின்றனர். நமது கருத்தில் இது மிகவும் பிந்திய ஞானம்.

தீயினால் வாழ்விழந்து பின்னர் இக்கனியால் பெயர் பெற்ற நாடு ஒன்றும் உண்டு. கியூபெக் மாகாணத்தில் செயின்ற் ஜோன் ஏரியைச் சுற்றிய பகுதி அது. 1870 ஆம் ஆண்டு மே 19 ஆம் திகதி ஒரே நாளில் பரவிய தீ, காட்டை வெட்டிக் குடியேறியிருந்த ஏழை மக்களின் வீடுகளையும் தானியத்தையும் சாம்பலாக்கியது. அச்சாம்பலின்மேல் வந்த புளூபெரியே அவர்களுக்குக் கோடைகாலக் கைப்பணமாயிற்று. இன்றும் அப்பகுதி மக்களைப் பிற கியூபெக்வாசிகள் 'புளூபெரிகள்' என்றே செல்லமாக அழைப்பர். லூயி ஏமோன் எழுதி 1914 இல் வெளிவந்த 'மரியா சாப்டிலேன்' என்னும் புகழ்பெற்ற நாவலின் களமும் அதுவே. கதாநாயகியும் அவள் மனத்துக்கு இனியவனும் புளூபெரி பறிக்கப் போன இடத்தில்தான் ஒருவருக்கொருவர் வாக்களிக்கின்றனர். பின்னர் அவன் பனிக்காட்டிலே வழி தவறி மடிகின்றான். இந்நாவலை மாணவப் பருவத்தில் ஆங்கிலத்தில் வாசித்தபோது, காட்டிலே பிறந்து வளர்ந்த ஒருவன் எப்படி வழி தவறுவான் என்று ஆசிரியரிடம் வாதாடியது எமக்கு நினைவிருக்கின்றது. அந்த வாதத்துக்கு விடை எமக்கு அன்று பிற்பகலிலே கிடைத்தது.

நண்பகல் உணவுக்குப் பின் தாயார் ஒரு பாறையில் சாய்ந்துகொண்டு மருமக்களுக்குக் கரடியைப்பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்நாட்டுக் கருங்கரடி கோடை முழுவதும் இக்கனியையே பெரிதும் நம்பிக் கொழுக்கின்றது. காய்ப்புப் பொய்த்த ஆண்டுகளில் ஊருக்குள் வந்து குப்பைத் தொட்டிகளைக் கிளறும். தாயார் சொன்ன கரடியோ வேறு. 1995 ஆம் ஆண்டின் இடப்பெயர்வுக்குப் பின் நாம் வன்னியில் இருந்தோம். அடுத்த ஆண்டு ஆனி மாதத்தில் பாலைமரங்கள் பழுத்துச் சொரிந்தன. கையில் காசில்லாத காலம். அயலவரோடு சேர்ந்து தாயார் காட்டுக்குச் சென்று, ஓலைப் பெட்டி நிறையப் பாலைப்பழம் கொண்டுவருவார். பால் ஒட்டி உதடுகள் ஒன்றோடொன்று பிசின்போல ஒட்டிக்கொள்ளும், அப்படியும் விடமாட்டோம். பாலைப்பழத்துக்கு வன்னிக் கரடியும் எம்மைப் போலவே ஆசைப்படும்.

"பழம் இருக்கிற இடத்திலை கரடியும் இருக்கும், பிள்ளையள். சத்தம் போட்டுக்கொண்டு ஆயவேணும். ஆளை ஆள் காணாட்டில் கூக்காட்டவேணும். கூக்காட்டினால் மற்றவை திருப்பிக் கூக்காட்டவேணும். அதுதான் காட்டுச் சட்டம்."

இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கூக்காட்டுதல் விளையாட்டாகத் தோன்றியது. ஒவ்வொருவர் கழுத்திலும் மைத்துனர் ஒரு விசிலைக் கட்டிவிட்டிருந்தார். சின்ன மருமகன் தன் விசிலைத் தண்ணீர்க் குழிக்குள் போட்டுவிட்டு அழுதமையால், எமது விசிலை அவனுக்குக் கொடுத்துவிட்டோம். இதனை எமது பெருந்தன்மை என்று அப்போது எண்ணினோம்.

பின்னர் மீண்டும் பறிக்கத் தொடங்கினோம். இக்கனியின் சூழ்ச்சி இதுதான்: கையிலிருக்கும் குலையைவிட அடுத்த செடியின் குலை எப்போதும் பெரிதாகத் தோன்றும். குனிந்த தலை நிமிராமல், மேயும் ஆட்டைப்போல, ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குச் செல்கின்றோம். ஒரு பள்ளத்தைக் கடந்தோம். அப்பால் ஒரு மேடு. அதன் மறுபுறத்தில், ஒருவர் கையும் படாத, திராட்சைபோலக் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஒரு பாத்தி. பறித்தோம். அவ்விடத்தில் விசில் இருந்தால் மகிழ்ச்சியில் ஊதியிருப்போம். நிமிர்ந்து பார்த்தபோது வாளி நிறைந்திருந்தது. நாற்புறமும் ஒரே மாதிரியான பாறை, ஒரே மாதிரியான கரிமரம். வானம் மூடிக்கிடந்தது.

அழைத்தோம். காற்று எதிரே வீசியது. கைத்தொலைபேசியை எடுத்தோம். அங்கே கோபுரமுமில்லை, சமிக்ஞையுமில்லை. வெயில் இருந்தால் கைக்கடிகாரத்தைக் கொண்டு தென்றிசை காணும் வழியை ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுப்பவர் நாம், வெயில்தான் இல்லை. நேராகத்தான் நடக்கின்றோம் என்ற முழு நம்பிக்கையோடு நடந்தோம். கவைபோல இரண்டாகப் பிளந்த கரிமரம் ஒன்று எதிர்ப்பட்டது. இருபது நிமிடம் கழித்து மீண்டும் எதிர்ப்பட்டது. மூன்றாம் முறையும் அதனைக் கண்டபோது கால் தளர்ந்து நின்றுவிட்டோம். சூரியனும் தெரியாத காட்டில் மனிதன் நேராக நடப்பதாக எண்ணிக்கொண்டு வட்டமாகவே நடப்பான் என்று ஜேர்மனியின் ரியூபிங்கன் நகர ஆய்வாளர்கள் 2009 இல் சோதித்துக் காட்டியிருக்கின்றனர். அதனையும் நாம் முன்னரே படித்திருந்தோம். படிப்பு எவ்வளவுக்கு உதவிற்று என்பதை வாசகர் கண்டுகொள்வர்.

அந்தப் பாறையோரத்தில் ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். கரடியையும், அவ்வட்டாரத்தில் உள்ள விரியன் இனத்துக் கிலுகிலுப்பைப் பாம்பையும் நினைத்து அச்சம் வந்தது உண்மை. ஆனால் அவை இரண்டாம் அச்சம். போர்க்காலத்தில் மக்களைத் தேடி அலைந்த தாய்மாருள் எமது தாயாரும் ஒருவர். எம்மைத் தேடியும் ஒருமுறை அலைந்தவர். அன்று நாம் கிடைத்தோம். கிடைக்காத மக்களின் தாய்மாரும் எம் ஊரில் இருக்கின்றனர். இப்போது பதினோர் ஆண்டு காத்திருந்து கண்ட மகன், வாளியும் கையுமாக, ஒரு பழக்குலைக்கு ஆசைப்பட்டு அவரை இன்னொரு முறை தேடவைத்துவிட்டான். இவ்வெண்ணம் வந்தபின் நடக்க மனம் வரவில்லை. வழி தவறியவன் நின்ற இடத்தில் நிற்பதே நல்லது என்று அறிந்தோர் கூறுவர். எமக்கு அந்த நல்லறிவு வெட்கத்தினால் வந்தது.

எவ்வளவு நேரம் நின்றோமோ அறியோம். காற்றுச் சற்று ஓய்ந்த ஒரு கணத்தில், விசில் ஒலியன்று, வேறோர் ஒலி கேட்டது. மெல்லியது, நீண்டது.

"கூ...ஊ...!"

இருபத்தெட்டு ஆண்டுகளாக நாம் கேட்டிராத குரல். வாயைக் குவித்து நாமும் கூக்காட்டினோம். நாற்பத்தாறு வயதுக் கல்லூரி ஆசிரியன் ஒருவன் கனடியப் பாறையின்மேல் நின்று கூக்காட்டியதைக் கண்டவர் எவருமில்லை. மறுகுரல் வந்தது. குரல் வந்த பக்கத்துக்குச் சில அடி நடப்பதும், நின்று கூக்காட்டுவதும், விடை கேட்டுத் திசை திருத்துவதுமாக, கால் மணி நேரத்தில் மைத்துனரின் சிவப்புத் தொப்பி ஒரு மேட்டின்மேல் தெரிந்தது. நாம் எங்கோ தொலைவில் கிடந்ததாக எண்ணியிருந்தோம். உண்மையில் அரை மைல்கூட இல்லை.

பிள்ளைகள் விசிலை ஊதி ஊதிக் களைத்துவிட்டனராம். அதன்பின்பே தாயார், எல்லோரையும் சத்தமில்லாமல் இருக்கச் சொல்லி, காற்று ஓயும் வேளை பார்த்துக் கூக்காட்டினாராம். ஊதுவதை நிறுத்தினால்தானே பதில் கேட்கும் என்றார். அவர் தொண்டை கட்டிப்போயிருந்தது. எம்மை மேலும் கீழும் பார்த்தார். வாளியை வாங்கி எட்டிப் பார்த்தார்.

"இலை கூடிப்போச்சு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் வண்டியிலே எமக்குப் பக்கத்தில் அமர்ந்தவர், ரொறன்ரோ வந்து சேரும்வரை எமது சட்டைக் கையைப் பற்றிய பிடியை விடவில்லை.

அன்றிரவு மேசைமேல் வெள்ளைத்துணி விரித்து, இலையும் காம்பும் நீக்கி அளந்தபோது, அறுவர் முழுநாளும் உழைத்த பயன் பதினொரு லீற்றர். சின்ன மருமகன் கணக்குக் கெட்டிக்காரன். "கடையிலை இதைவிடப் பெரிய பழம் இருக்கு, மாமா. மலிவுங்கூட. பெற்றோல் காசே இதைவிடக் கூட" என்றான். கேள்வி நியாயமானது. கடைப் பழத்தின் கதை இதுதான்: அமெரிக்க அரசாங்கத் தாவரவியலாளர் பிரெடரிக் கோவில், புளூபெரிக்குப் புளித்த மண் வேண்டும் என்பதைக் கண்டறிந்து 1910 இல் வெளியிட்டார். அதற்கு முன்னர் முயன்றவர்கள், நல்ல தோட்டமண்ணும் சுண்ணாம்பும் இட்டுச் சீராட்டியே செடியைக் கொன்றுவிட்டிருந்தனர். அந்நூலை நியூ ஜேர்சியில் வாசித்த எலிசபெத் வைற் என்னும் பெண்மணி 1911 இல் அவரோடு கூட்டுச் சேர்ந்தார். காட்டிலே பழம் பறிக்கும் ஏழை மக்களிடம் அளவுகருவி ஒன்றைக் கொடுத்து, மிகப் பெரிய பழம் காய்க்கும் உயரச்செடியைக் கண்டு சொல்வோருக்குக் கூலி தந்தார். கண்டவர் பெயரையே செடிக்கும் இட்டார். 'ரூபெல்' என்னும் வகை அப்படிப் பெயர் பெற்றதே. 1916 இல் முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது. அந்த உயரச்செடியின் வழிவந்தவையே இன்று பெரு தேசம்வரை பரந்து, உலகக் கடைகளை நிரப்புகின்றன.

பாறையில் படரும் நம் குட்டைச்செடியோ பெரும்பாலும் அப்படியே காட்டுச் செடியாகவே நின்றுவிட்டது. மேய்ன் மாநிலத்து வயல்களிலும் அதனை நட்டவர் இல்லை. ஏற்கெனவே முளைத்திருந்ததைப் பேணுகின்றனர், அவ்வளவே. ஒரே மேட்டில் ஒரு செடியின் பழம் தேன், அடுத்ததன் பழம் புளி, மூன்றாவது சாம்பல் பூசாத கறுப்பு. இவ்விளக்கம் முழுவதையும் கேட்ட மருமகன், கடைப்பழம் ஒன்றையும் காட்டுப்பழம் ஒரு பிடியையும் வாயிலிட்டுச் சோதித்தான். பின்னர் கடைப்பழப் பெட்டியை மூடித் தமக்கையின் பக்கம் தள்ளிவிட்டான். தீர்ப்பு அதுவே.

மறுநாள் தாயார், ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த சுளகிலே ஒரு பங்கைப் பரப்பி, பின்புறத்து வெயிலில் வைத்தார். அனிஷினாபே மக்களும் இவ்வாறே உலர்த்துவர் என்று நாம் சொன்னபோது, "வேறை எப்பிடிக் காயவைக்கிறது?" என்று கேட்டார். ஐந்து நாள் வெயில் காட்டி, மாலையில் பனி படாமல் உள்ளே எடுத்து, பொறுக்கி, கடைசியில் கையளவான ஒரு பொதியாகக் கட்டி எமது பெட்டிக்குள் வைத்தார்.

அப்பொதி இப்போது எமது மேசை இழுப்பறையில் இருக்கின்றது. கறுத்துச் சுருங்கி, முந்திரிகை வற்றல்போலத் தோன்றும். பரீட்சைத் தாள் திருத்தும் இரவுகளில் நாலைந்தை வாயிலிடுவோம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தொலைபேசியில் தாயார் மறவாமல் விசாரிக்கின்றார்.

"எறும்பு மொய்க்காமல் வைச்சிருக்கிறியோ? ஈரம் படாமல் பாத்துக்கொள். அடுத்த முறை வரேக்கையும் அந்தப் பாறைக்குத்தான் போறம். விசில் ஒண்டு வாங்கிக்கொண்டு வா, தம்பி. ஒருத்தருக்கும் குடுத்துப்போடாதை."